‘டி.சி.’ என்றால் டெபுடி கலெக்டர் அல்ல

தறியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பேண்டில் டிரம் அடிக்கும் முனிரத்தினம் சைக்கிளிலிருந்து இறங்காமலே வாசலில் நின்று, "தேவராஜ் பூட்டாம்பா" என்றான். நாடா கையிலேயே நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு வயது. கல்யாண சீசன் பாதிகூட முடியவில்லை.

பட்டாள பேண்டிலிருந்து வந்து எங்களோடு கார்னெட் வாசித்தவரை, காஞ்சிபுரத்துக் கல்யாண ஊர்வலங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த தேவராஜைச் சொல்கிறேன்.

ஒரு பள்ளி ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் டெபுடி கலெக்டர். பட்டாளத்து மார்ச் இசை ஒன்றின் நோட்டு எழுதிய தாளை என்னிடம் கொடுத்து எல்லோருக்கும் பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு, தங்கை கல்யாணத்துக்குத் தாமல் போய்விட்டார் தேவராஜ். தாளின் நடுவில் ‘ஃபைன்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. யாரோ போட்ட பாராட்டு என்று விட்டுவிட்டேன். அடியில் ‘டி.சி.’ எட்டாவது படித்த மேதாவி நான், மற்றவர்களுக்கு விளக்கினேன்: "டெபுடி கலெக்டர் வந்தா மொதல்லேர்ந்து வாசிக்கணும்."

அவர் வந்தார், முதலிலிருந்து வாசித்தோம். கடைசி வரி முடிந்தும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்; மறுபடி முதலிலிருந்து. எங்கே நிறுத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இறைவணக்கம் பாட வந்த பிள்ளைகள் மேடையில் நின்றுகொண்டே இருந்தார்கள். தலைமையாசிரியரே வந்து என் கிளாரினெட்டைப் பிடித்து நிறுத்தினார்.

மறுநாள் பேண்டு முதலாளி, "இனிமே நீ வராத. தறியப் பாத்துக்கினு இரு" என்றார். ஊரில் வேறு யாரும் என்னைச் சேர்க்கப்போவதில்லை. அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பிய தேவராஜ் குறுக்கே வந்தார். "அண்ணே, அதெல்லாம் இத்தாலிக்காரன் வார்த்தை. அர்த்தம் சொல்லாம குடுத்தது என் தப்பு. இவன் போனா நானும் போறேன்." முதலாளி முணுமுணுத்துக்கொண்டே என்னை வைத்துக்கொண்டார்.

பிறகு டீக்கடையில் தேவராஜுக்குச் சிரித்து மாளவில்லை. "டி.சி.ன்னா ‘தா காப்போ’பா. தலையிலேர்ந்து வாசின்னு அர்த்தம். இன்னொண்ணு ஃபைன் இல்ல, ‘ஃபீனே’. முடிவு. தலையிலேர்ந்து திரும்ப வந்து அங்க நிறுத்தணும்."

"முடிவு நடுவுல இருக்குதே?"

"நடுவுலதாம்பா இருக்கும்" என்று அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாளும் அந்த வட்டமும்தான். அடக்கத்தன்று அதைப் பார்த்தே வாசித்தேன். இரண்டாம் முறை வட்டம் வந்ததும் எல்லோரும் நிறுத்தினார்கள். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. தலையிலிருந்து மறுபடி தொடங்கினேன். முதலாளி திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"வாசிப்பா" என்றார்.