பற்றிக்கொள்ள இடமில்லாத மருந்து

போன மாதம் ஒரு நாள் காலையில் பாமசியைத் திறந்துகொண்டிருந்தபோது, அங்கே என்னோடு மருந்து கொடுத்த பிலோமினா அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க" என்றார். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் உள்ளே போக மனம் வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாத்தளை நகரில், மருந்து மேசைக்குப் பின்னால் எங்கள் இருவரையும் பார்த்தவர்கள் உங்களில் பலர். அக்காவிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. எல்கடுவப் பக்கத்துத் தோட்ட லய வீடுகளில் மருந்துக் குளிசையும் உப்பு மாதிரிதான். பக்கத்துக் காம்பராவுக்குக் கைமாறும். ஒருமுறை, ஆஸ்துமாக்காரத் தங்கைக்கு நெஞ்சு படபடக்கிறதென்று அண்ணன் தன் பிரஷர் குளிசையைக் கொடுக்க, அவள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் பிழைத்து வந்த பிறகு அண்ணன் அக்காவிடம் மாட்டிக்கொண்டார். உடம்பின் கலங்களில், அதாவது செல்களில், வாங்கிகள் என்ற பற்றும் இடங்கள் இருக்கின்றன, மருந்து அவற்றைப் பற்றினால்தான் வேலை செய்யும், இதயத்தில் இருப்பது போன்ற வாங்கி மூச்சுக்குழாயிலும் உண்டு, உன் குளிசை இரண்டையும் அடைத்துவிட்டது என்று அக்கா பொறுமையாகவே விளக்கினார். "மருந்துக்கு ஆள் தெரியாது தம்பி. புடிக்க எடம் இருந்தா புடிச்சிக்கும்" என்றார்.

பிறகு அவருக்கே மார்பில் கட்டி வந்தது. அந்தப் புற்றுநோய்க் கலங்களில், வழக்கமாக மருந்து பற்றும் மூன்று வாங்கிகளில் ஒன்றுகூட இல்லை என்றது பரிசோதனை. வேகமாகப் பெருகும் கலங்களையெல்லாம் தாக்கும் பொதுவான மருந்தை ஏற்றினார்கள். முடி போனது, கட்டி சுருங்கியது, திரும்பி வந்தது. புது மருந்து தேடுகிறார்களே என்று இழுத்தேன். முதலில் பற்றக்கூடிய இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குப் பொருந்தும் மருந்தைச் செய்ய வேண்டும், அது ஆளைக் கெடுக்காதா என்று ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும், அதற்குள் நான் இருக்க மாட்டேன் என்றார்.

அலுவிகாரையில் இருந்த தன் வீட்டில் அவர் படுத்திருந்தபோது, கொழுந்து பறிக்கும் விஜயா பார்க்க வந்தார். அவருக்கும் மார்பில்தான் நோய். தினமும் குளிசை போட்டு நன்றாக இருப்பவர். அந்தக் குளிசையில் பாதியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. குளிசை அட்டையை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். விழுங்கிவிடுவாரோ என்றுகூடத் தோன்றியது.

"ஒனக்கு இது புடிக்க எடம் இருக்கு விஜயா. எனக்கு இல்ல. ஒரு நாளும் விடாம போடு" என்று திருப்பிக் கொடுத்தார். விஜயா போன பிறகுதான் அழுதார்.

நிம்மதியாகப் போனார் என்று மரண வீட்டில் சிலர் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. வாழ ஆசைப்பட்டுக்கொண்டேதான் போனார்.

போன வாரம் விஜயா குளிசைக்கு வந்தார். ஒரு நாளும் விடாமல் போடச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சொல்தான். அக்காவுக்கு உதவாத சொல்.