கணீரென்ற இடம்

சித்தூர்ப் பக்கத்து மலையில் மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்தை அளக்கப் போனேன். அங்கே முன்பு வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் முன்னால் நடந்தார். குனிந்தே பழகிய முதுகு. இரண்டடிக்கு ஒருமுறை கடப்பாரையால் கூரையைத் தட்டுவார். கணீரென்றால் பாறை கெட்டி. பொத்தென்றால் விழக் காத்திருக்கிறது.

திரும்பும்போது, தங்கம் ஓடும் வெள்ளைக்கல் கருங்கல்லோடு சேரும் இடத்தில் பொத்தென்றது. போகும்போது கணீரென்ற இடம் அது. அப்படியே நின்றேன். வெளியேற வேறு வழியும் இல்லை.

"இங்க எப்பவும் இப்பிடித்தான் சார். என் கையப் புடிச்சிக்கினு மெதுவா வாங்க" என்றார், சிரித்தபடி.

பிடித்தேன். சுரங்கத்தில் சொட்டு ஈரம் கிடையாது. அவர் உள்ளங்கை தொப்பலாக நனைந்திருந்தது.

வெயிலுக்கு வந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை.