வாய் ஊறியதும் சொல்லுங்கள்

முட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு கொட்டகையிலிருந்து கிடங்குக்குப் போக எனக்கு அறுபது தப்படி ஆகும். அதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஐம்பத்து மூன்று வயதாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு படுத்தாலும் மூச்சு முட்ட ஆரம்பித்தது. இரண்டு தலையணை வைத்துப் பாதி உட்கார்ந்தபடி தூங்கினேன்.

புதுச்சத்திரத்துக்கு அருகில் எங்கள் கோழிப்பண்ணை. நானும் கணவரும் பார்த்துக்கொள்கிறோம். மகள் கீர்த்தனா ராசிபுரத்தில் பள்ளி ஆசிரியை. அவள்தான் என்னைச் சேலத்துக்கு அழைத்துப் போய் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை) எடுக்க வைத்தாள். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருக்கும் கதவு) சுருங்கிப்போயிருந்தது. சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று மருத்துவர் கேட்டார். வந்திருந்தது. அப்போது வந்த காய்ச்சலின் வடு இது என்றார். நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும், அதிகம் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார்.

நான் தள்ளிப்போட்டேன். ஆடி போகட்டும் என்றேன். புதுக் குஞ்சுகள் இறங்கட்டும் என்றேன். கீர்த்தனாவின் பள்ளித் தேர்வு முடியட்டும் என்றேன். உண்மைக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

எனக்கு வாந்திக்குப் பயம்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். மயக்கம் தெளிந்ததிலிருந்து இரண்டு நாள் விடாமல் வாந்தி. வயிற்றில் ஒன்றுமில்லாமலேயே குடல் மேலே வந்தது. நான்காம் நாள் தையல் விட்டுப்போனது. புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. பார்க்க வந்தவர்கள், உனக்கு எப்போதுமே அப்படித்தானே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேருந்தில் ஏறினால் நான் கையில் பிளாஸ்டிக் பையோடு உட்காருவேன் என்பது உறவுக்குள் பழைய வேடிக்கை.

இதய அறுவை சிகிச்சையில் நடு நெஞ்செலும்பை அறுத்து, பிறகு கம்பியால் இழுத்துக் கட்டுவார்கள் என்று தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அந்தக் கம்பிக் கட்டோடு நான் குனிந்து ஓங்கரிப்பதுதான் கண்முன் வந்தது. உயிர் போகிற காரியத்தில் வாந்தியைப் பற்றிப் பேசுகிறாளே என்று சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். உங்களில் யாராவது இப்போது அப்படி இருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியில் ஒரு காலையில் என்னால் பல் துலக்கி முடிக்க முடியவில்லை. அந்த வாரமே சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மயக்க மருந்து மருத்துவர் வந்தார். ஆத்தூர்க்காரர், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஆடும் பல் உண்டா, மாத்திரை ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முன்பு செய்த அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டபோது, ஒன்று நடந்தது, பிரச்சினை எதுவும் இல்லை என்று என் கணவர் பதில் சொன்னார். மருத்துவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. பஸ்ல போனா உங்களுக்கு வாந்தி வருமா?"

"ஆண்டகளூர் கேட் தாண்டற வரைக்கும் தாங்க மாட்டாளுங்க" என்று எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் நிறுத்தத்தைச் சொல்லிக் கணவர் சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. தாளில் எழுதிக்கொண்டார். யாரோ அதை எழுதிக்கொள்வதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. பழைய கதை எல்லாவற்றையும் சொன்னேன்.

"நெஞ்சை அறுக்கறதுக்குக்கூடப் பயமில்லீங்க. அதுக்கப்புறம் வாந்தி வந்துருமோன்னுதான் இத்தனை மாசமா வரலீங்க."

கணவரின் முகம் மாறியது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, புள்ள" என்றார்.

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெண்ணாக இருப்பது, புகைப்பழக்கம் இல்லாதது, பயணத்தில் வாந்தி வருவது, முன்பு மயக்கம் தெளிந்தபின் வாந்தி எடுத்தது, இந்த நான்கும் இருப்பவர்களுக்கு அது மீண்டும் வர வாய்ப்பு அதிகம் என்றார். இது சுபாவமும் இல்லை, பலவீனமும் இல்லை. முன்கூட்டித் தெரிந்தால் தடுக்க வழி உண்டு என்றார்.

"வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா வந்தப்புறம் பாத்துக்கலாம்னும் விட மாட்டேன்."

அவர் சொன்ன திட்டத்தை நினைவிலிருந்து எழுதுகிறேன். மயக்கம் கொடுக்கும்போதே வாந்தித் தடுப்பு ஊசி ஒன்று, எழுப்புவதற்கு முன் வேறு வகையில் இன்னொன்று. ஓப்பியாய்டு (அபின் வகை வலி மருந்து) குமட்டலைக் கூட்டும் என்பதால் அதைக் குறைத்து, நெஞ்செலும்பின் இருபுறமும் மரத்துப்போகும் ஊசி. மூச்சுக்குழாயை எடுக்கும் முன் வயிற்றில் இருப்பதைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுவது. இது எனக்கான திட்டம். உங்கள் உடம்புக்கும் உங்கள் மற்ற நோய்களுக்கும் ஏற்ப உங்கள் மருத்துவர் வேறு முடிவு செய்யலாம். நீங்கள் செய்ய வேண்டியது, அவர் கேட்காவிட்டாலும் சொல்வது.

போகும்போது எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். "வாய்ல எச்சில் ஊற ஆரம்பிச்சதுமே நர்ஸைக் கூப்பிடணும். அடக்கிப் பாக்கக் கூடாது."

விழித்தபோது தொண்டையில் குழாய், நெஞ்சின் மேல் பெரும் பாரம். குழாயை எடுத்தபின் முதலில் வயிற்றைத்தான் கவனித்தேன். அமைதியாக இருந்தது. செவிலியர் ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தார். பிறகு ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர். மூன்றாவது கரண்டி உள்ளே போய் அங்கேயே தங்கியபோது கண்ணில் நீர் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பொது அறைக்கு மாற்றினார்கள். அன்று என் கணவரின் அக்கா, எங்கள் வழக்கில் நங்கையா, ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். பாசத்தில் வந்தவர். அவர் தூக்குப் போசியைத் திறந்ததும் மிளகும் கொழுப்பும் கலந்த மணம் அறை முழுக்கப் பரவியது.

"ஒரு வாய் குடி சாமி. தெம்பு வேண்டாமா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கரண்டி அருகில் வந்தது. நாக்குக்கு அடியில் எச்சில் ஊறியது, காது அடைத்தது, நெற்றி குளிர்ந்தது. என் வாழ்நாள் பழக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அடக்குவது. அன்று கையைத் தூக்கினேன்.

"எனக்குக் குமட்டுது. நர்ஸைக் கூப்பிடோணும்."

கீர்த்தனா ஓடினாள். செவிலியர் முதலில் ரத்த அழுத்தம் பார்த்தார். குறைந்திருந்தது. சடாரென்று எழுந்து உட்கார்ந்ததால் என்றார். மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொள்ளத் தலையணை கொடுத்தார். மருத்துவர் எழுதி வைத்திருந்த ஊசியைப் போட்டார். நங்கையா போசியை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். நீளமாக மூச்சு விட்டபடி காத்திருந்தேன். அலை மேலே ஏறியது, நின்றது, இறங்கியது. வாந்தி வரவில்லை.

நங்கையா திரும்பி வந்து, "எனக்குத் தெரியாதே சாமி" என்று என் காலைத் தடவினார். அவர் தப்பு ஒன்றுமில்லை என்றேன். சூப்பை வராந்தாவில் என் கணவர் குடித்து முடித்திருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னைப் போல உலோக வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை தினமும் வயிற்றில் தங்கியாக வேண்டும். வாந்தியில் அது வெளியே வந்துவிட்டால் நாமாக இன்னொன்று போட்டுக்கொள்ளாமல் மருத்துவமனையைக் கேட்க வேண்டும். வீடு திரும்பும் காரில் ஏறும் முன்பே எனக்கு வாந்தித் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். முன் இருக்கையில் தலையணையை அணைத்தபடி வந்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் பசித்தது.

எட்டு மாதமாகிறது. நெஞ்சில் கோடு வெளுத்து வருகிறது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் தீவன அறையில் தனியாக உட்கார்ந்தால் உள்ளே வால்வு டிக் டிக்கென்று மூடுவது கேட்கிறது. முதலில் தொந்தரவாக இருந்தது. இப்போது துணையாக இருக்கிறது.

முன்பு உடம்பு என்பது வேலைக்கு நடுவே என்னை நிறுத்துகிற ஒன்று. அது ஏதாவது சொல்ல வந்தால் அதட்டி உட்கார வைப்பேன். இப்போது தலை லேசாகச் சுற்றினால் தீவன மூட்டையில் உட்கார்ந்துவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறேன். இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ, அது தீரும் வரை இருக்கிறேன். அதனால் எந்த வேலையும் கெட்டுப்போகவில்லை. இவ்வளவு நேரம் என்னிடம் எப்போதுமே இருந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது.