டிரைவர் சீட்டுக்குக் கவர் போட்ட மதியம்

எனக்குப் பொய் சொல்லப் பிடிக்கும். தெருவுக்கே தெரியும். ஆனால் இது பொய்யில்லை. பொய்யாக இருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன். பேய் என்றால் நடுராத்திரி வரவேண்டும் என்பார்கள். இது மதியம் இரண்டே முக்காலுக்கு வந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

பழைய கார்களின் சீட்டுக்குப் புதுக் கவர் போடுவது எங்கள் தொழில். நானும் என் மச்சினனும் முப்பது வருஷமாகச் செய்கிறோம். மற்ற கடைகளில் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு அமுக்குவார்கள். நாங்கள் இரண்டு ஸ்டூல் மேல் நிமிர்த்தி வைப்போம். மச்சினன் மேலே உட்காருவான். ஆள் தொண்ணூறு கிலோ. ஸ்பிரிங் அமுங்கும். நான் கீழே மல்லாந்து படுத்து, கவரின் ஓரத்தைக் குறடால் இழுத்து, கம்பிச் சட்டத்தோடு சேர்த்து வளையம் முறுக்குவேன். அவன் எழுந்ததும் ஸ்பிரிங் மேலே வரும். கவர் மத்தளம் மாதிரி விறைக்கும். இது ஒருத்தரால் ஆகிற வேலையில்லை.

அன்று பழைய கார் ஒன்றின் டிரைவர் சீட்டு. ஐந்து மணிக்குக் காரின் சொந்தக்காரர் வருவார். மச்சினன் தைத்த கோடு அரை விரல் விலகியிருந்தது. கேட்டேன்.

"நீங்க போட்ட சாக்பீஸ் கோடுதான் மாமா கோணல்" என்றான்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "உனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை உக்கார்றதுதான்டா. அதையாவது ஒழுங்கா செய்."

அவன் கத்திரியை மேஜையில் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். அதுதான் ஆத்திரமாக இருந்தது.

"அப்ப உக்கார ஆளில்லாமலே கவரைப் போட்டுக்குங்க. இனி இந்த வாசப்படியை மிதிச்சா என்னன்னு கேளுங்க."

மணி 2:10. போய்விட்டான்.

'போடா' என்று நானே கீழே படுத்தேன். இழுத்தேன். ஓரம் சட்டத்துக்கு வரவில்லை. நாலு விரல் குறைந்தது. அவனைத் திட்டினேன். அவனை எனக்குக் கட்டிவிட்ட குடும்பத்தைத் திட்டினேன். அந்தக் குடும்பத்தில் என் மனைவியும் உண்டு என்பதால் அதை மட்டும் மெதுவாகத் திட்டினேன்.

2:45.

க்ரீ...ச்.

ஸ்பிரிங் இறங்கியது. என் மூக்குக்கு ஒரு ஜாண் மேலே வந்து நின்றது.

"வந்துட்டியா" என்றேன். பதில் இல்லை. ரோஷம் போலிருக்கிறது. எனக்கும் ரோஷம் உண்டு. பேசாமல் வளையத்தை மாட்டினேன். ஒன்று. இரண்டு. ஓரம் தானாகக் கைக்கு வந்தது.

ஏழாவது வளையத்தில்தான் கவனித்தேன். மச்சினன் உட்கார்ந்தால் அவன் கால் இரண்டும் முன்பக்கம் தொங்கும். வெளிச்சத்தை மறைக்கும்.

அன்று வெளிச்சம் மறையவில்லை.

காலை மடக்கியிருப்பான் என்று நினைத்தேன். பூட்டி வைத்த காருக்குள் அடிக்குமே, ஒரு வெக்கை நாற்றம்... அது வந்தது.

சொட்...

என் தோளுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு துளி. வியர்வை.

சொட்... சொட்...

மேலே ஸ்பிரிங் லேசாக ஆடியது. மூச்சு வாங்குகிற மாதிரி. வளையம் நழுவிக் கன்னத்தில் விழுந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆடாம உக்காரு. நான் சொல்ற வரைக்கும் எந்திரிச்சே, தெரியும் சேதி."

ஆட்டம் நின்றது.

மூச்சும் நின்றது.

நாற்பத்திரண்டு வளையம். 3:20-க்கு முடித்து வெளியே வந்தேன்.

சீட்டில் யாரும் இல்லை.

ஆனால் சீட்டு எழும்பவில்லை. ஸ்பிரிங் அமுங்கியபடியே இருந்தது. புதுத் தோலில் இரண்டு தொடைப் பள்ளம்.

தொட்டேன்.

சூடு.

வெளியே போய்த் தெருவில் நின்றேன். ஐந்து மணி வரை நின்றேன். கார்க்காரர் வந்தார். ஒரு கையால் நான் தூக்குகிற சீட்டு அது. இருவர் தூக்கியும் மூச்சு முட்டியது. அவர் பள்ளத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. காரில் மாட்டிவிட்டு, அந்தச் சீட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து ஓட்டிப் போனார்.

வீட்டில் மனைவி, "என் தம்பிகிட்ட பேசிட்டு வந்தாத்தான் சோறு" என்றாள். போனேன். மச்சினன் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பேசினான்.

"மனசு கேக்காம திரும்பி வந்தேன் மாமா. மூணு மணி இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ள என் எடத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டீங்க. முப்பது வருஷம்..."

"எந்த ஆளு?"

"காக்கிச் சட்டை. வேர்த்து ஊத்துது. ரெண்டு கையையும் ஸ்டியரிங் பிடிச்ச மாதிரி நீட்டிக்கிட்டு. எந்திரிய்யான்னு சைகை காட்டினேன். கீழ படுத்திருந்த உங்களைக் கண்ணால காட்டிட்டு, முடியாதுன்னு தலையாட்டுறாரு."

"நான் யாரையும் உக்கார வைக்கலடா" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். கதவைத் திறந்தான்.

அங்கிருந்தே கார்க்காரருக்குப் போன் போட்டேன். 7:05.

"அந்தச் சீட்டுல உக்காந்தது யாருங்க?"



"எங்க டிரைவர். நாற்பது வருஷமாச்சு. ஒருநாள் லேட்டா வந்தார். அப்பா கோவத்துல, கண்ணாடியை ஏத்து, நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காதன்னுட்டு உள்ள போய்த் தூங்கிட்டார். உச்சி வெயில். சாயங்காலம்தான் போய்ப் பாத்தோம்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா கவர் போட்டிருப்பீங்களா?"

"உங்கப்பா?"

"இருக்கார். ஆறு வருஷமாப் படுக்கைதான். நடக்க முடியாது."

அவரை நாலு கேள்வி கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் அப்பன் சொன்னதைத்தானே நானும் சொல்லியிருந்தேன்.

"கண்ணாடியை இறக்கிட்டு, போனை அந்தச் சீட்டு மேல வைங்க" என்றேன்.

அவர் நடக்கும் சத்தம். கார்க் கதவு. போனை வைக்கிற சத்தம்.

"அண்ணே... வேலை முடிஞ்சிருச்சு. தப்பு என்னோடது. எந்திரிங்க."

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை...

ட்ரங்ங்ங்.

ஸ்பிரிங். போனில் காதை ஒட்டியிருந்த மச்சினனுக்கும் கேட்டது. கார்க் கதவு 'டப்' என்று சாத்திக்கொண்டது. சரளைக்கல்லில் காலடி. நிதானமாக. தூரமாக. அப்புறம் இன்னொரு கதவு... வீட்டுக் கதவு.

"அது நீங்களா?" என்றேன்.

"நான் காருக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன்" என்றார் கார்க்காரர்.

மறுநாள் காலை 9:10-க்கு அவரே கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"அப்பா படுக்கையில இல்ல. கார்ல இருக்கார். டிரைவர் சீட்டுல. கண்ணாடியெல்லாம் ஏத்தியிருக்கு."

"உயிர்..."

"இருக்கு. நாலு பேர் சேர்ந்து இழுத்துட்டோம். அசைக்க முடியல. வெயில் ஏறுது. எந்திரிங்கப்பான்னு கெஞ்சுறேன்."

"என்ன சொல்றாரு?"

"அவன் இன்னும் சொல்லலைங்கிறார்."