கிழக்கு பார்த்த ப்ளாட்

இங்கிலீஷ் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பவர்களிடம், வீட்டுமனை விளம்பரத்தில் என்றுதான் சொல்வேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். நான் படித்தது தாம்பரத்தில் ரயில்வே லைனுக்குக் கிழக்கே இருந்த ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில். ஆறாம் வகுப்பு வரை எங்களுக்கு இங்கிலீஷ் என்றால் மனப்பாடம். எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்திராத பூக்களைப் பற்றியும் பனியைப் பற்றியும் வரி பிசகாமல் ஒப்பிப்போம். என்ன ஒப்பித்தோம் என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்போம்.

ஏழாம் வகுப்பில் ஒரு புது மிஸ் வந்தார். மெல்லிய குரல், காட்டன் புடவை, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. வந்த புதிதில் ஒரு கதையைப் படித்துக் காட்டிவிட்டு, என்னைக் கைகாட்டி, “வாட் இஸ் தி ப்ளாட்?” என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தை காலைக் காப்பியில் தொடங்கி ராத்திரி சாப்பாடு வரை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கைக்கு வந்த பணம் முழுவதையும் ஒரு ப்ளாட்டில் போட்டுவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அண்ணன் சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு கிடையாது. எனவே நான் தயங்காமல் எழுந்து பதில் சொன்னேன்.

“ட்வென்ட்டி பை ஃபார்ட்டி மிஸ். ஈஸ்ட் ஃபேசிங்.”

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பதில் சரி என்றே எல்லோரும் நினைத்தார்கள். கதையின் போக்கைக் கேட்ட மிஸ் மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அது எந்த ப்ளாட் என்று விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் வருமே, கூடுவாஞ்சேரி தாண்டி, பெரிய ஆர்ச் வைத்த இடம் என்றேன். மிஸ் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, அடுத்த வகுப்புக்குள் எல்லோரும் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம் என்றார். டிவி பார்ப்பதை வீட்டுப்பாடமாகக் கொடுத்த அந்த மகராசிக்காக உயிரையே கொடுக்க நான் அப்போதே தயாராகிவிட்டேன்.

அடுத்த வகுப்பு ஷூட்டிங் மாதிரி இருந்தது. ஒருத்தி விளம்பரத்தில் வரும் சீரியல் நடிகையாகி, குடையைச் சுழற்றிக்கொண்டு, “தாம்பரத்துக்கு மிக அருகில்” என்று கொஞ்சினாள். ஒருவன் தோளில் ஸ்கூல் பையை வைத்துக்கொண்டு கேமராமேன் ஆனான். அதையெல்லாம் இங்கிலீஷில் பேச வைத்தார் மிஸ். ‘மிக அருகில்’ என்பதை எப்படிச் சொல்வது என்பதில் வந்த சண்டையில்தான் நியர், நியரர், நியரஸ்ட் மூன்றும் என் மண்டையில் ஏறின. பெருங்களத்தூர் இஸ் நியர். வண்டலூர் இஸ் நாட் ஸோ நியர். கூடுவாஞ்சேரிக்கும் அப்பால் ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய இடம் மட்டும் எப்படியோ நியரஸ்ட். அதுவரை வாயே திறக்காத கடைசி பெஞ்சுக்காரர்கள்கூட இங்கிலீஷில் வாதாடினார்கள். கடைசியில் மிஸ் ஒரு கேள்வி கேட்டார். “வாட் ஆர் தே நாட் ஷோயிங்?” எதைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்?

அதைக் கண்டுபிடிக்கத்தான் மறுவாரம் டிவிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆர்ச், ரோடு, கொடி, நடிகை. கேமரா எப்போதும் வலப்பக்கமாகவே போனது. ஒரு தடவைகூட இடப்பக்கம் திரும்பவில்லை.

அந்த மாதக் கடைசியில் கம்பெனி வேன் எங்களை இலவசமாக இடம் பார்க்க அழைத்துப் போனது. மத்தியானத்துக்குப் பிரியாணி பொட்டலமும் உண்டு. பெரியப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆர்ச்சுக்குக் கீழே இறங்கியதும் எல்லோரும் வலப்பக்கம் நடந்தார்கள். நான் இடப்பக்கம் திரும்பினேன்.

அங்கே கோரைப்புல் என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர். இரண்டு எருமைகள் கழுத்து வரை முங்கிச் சுகமாகக் கிடந்தன. ஃபைலோடு நின்ற கம்பெனி ஆளிடம் நேராகப் போனேன்.

“அண்ணா, டிவில இந்தப் பக்கத்த ஏன் காட்டல?”

“அது மழத் தண்ணிம்மா. ரெண்டு நாள்ல வத்திடும்.”

மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே, எருமைகளுக்கு அது தெரியாதா என்று கேட்டேன். வேனில் வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேனில் போய் ஏறிக்கொண்டார்கள். பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. வீடு திரும்பியதும், வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இந்த வாயாடித்தனத்தை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். இங்கிலீஷ் மிஸ் என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் காலை பெரியப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். பிரின்சிபால் அறைக்கு என்னையும் மிஸ்ஸையும் கூப்பிட்டார்கள். ஃபீஸ் கட்டுவது கிராமர் படிக்கவா, சீரியல்காரியைப் பார்க்கவா என்று பெரியப்பா குதித்தார். பிரின்சிபால் மேடம் கண்ணாடிக்கு மேலாக மிஸ்ஸைப் பார்த்து, இனிமேல் புத்தகத்தைத் தாண்டி ஒரு வரிகூடப் போகக் கூடாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மிஸ் பாடமே நடத்தவில்லை, வெறும் விளம்பரம்தான் காட்டினார், உண்மைதானே என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். மிஸ்ஸின் வேலை போய்விடும் என்பது அந்த வயதிலும் எனக்குத் தெரிந்தது.

நான் தலையாட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நியர், நியரர், நியரஸ்ட் என்று உரக்கச் சொன்னேன். தி கேமரா இஸ் நாட் டர்னிங் லெஃப்ட், மேடம், என்றேன். பஃபலோஸ் ஆர் இன் தி ப்ளாட் என்றேன். என் வாழ்நாளில் யாரும் எழுதிக் கொடுக்காமல் நானாகப் பேசிய முதல் இங்கிலீஷ் வாக்கியங்கள் அவை. இன்றைக்கும் அவற்றில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். பிரின்சிபால் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

பெரியப்பா மட்டும் அடங்கவில்லை. மிஸ் பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

“நாங்க பரம்பரையா இந்த ஏரியால வெள்ளாம பண்ணவங்க. இங்கிலீஷ் டீச்சருக்கு நெலத்தப் பத்தி இன்னா தெரியும்?”

மிஸ் அவரைவிடத் தணிந்த குரலில், தலையை நிமிர்த்தியே சொன்னார்.

“அதே லேஅவுட்ல எனக்கும் ஒரு எடம் இருக்கு சார். வாங்கி மூணு வருஷம் ஆச்சு.”

பெரியப்பா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். இடப்பக்கம் என்றார் மிஸ். மிஸ்ஸை வகுப்புக்குப் போகச் சொன்னார் பிரின்சிபால் மேடம்.

எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மிஸ்ஸுக்காக இரண்டு பெரியவர்களை எதிர்த்து நான் நின்றுகொண்டிருக்க, இவர் என்னடாவென்றால் அங்கேயே இடம் வாங்கி வைத்திருக்கிறார். மிஸ்ஸே வாங்கியிருக்கிறார் என்றால் அது நல்ல இடமாகத்தானே இருக்க வேண்டும்? கடைசி நிமிஷத்தில் மிஸ், பெரியப்பா கட்சிக்குத் தாவிவிட்டார் என்று முடிவு கட்டினேன். பெரியப்பா அந்த இடத்தை வாங்காமல் விட்டதும், அதற்குப் பிறகு மிஸ்ஸைப் பற்றி வீட்டில் ஒரு குறை சொல்லாததும் எனக்கு விளங்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க மிஸ்ஸோடு நான் காய்.