கூரையைத் தொடாத விளக்கு

மாங்குளம் ஸ்டேசனுக்குப் பின்னால் குடியிருந்த அவரை ஒரேயொரு பகல்தான் சந்தித்தேன். வயரிங் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். மெலிந்த மனிதர். எதைத் தொட்டாலும் உறுதியாக நிற்கிறதா என்று இரண்டு தரம் ஆட்டிப் பார்ப்பார்.

அறையின் நடுவே, நீண்ட மேசையில் சின்ன ரயில்பாதை ஒன்றைச் செய்து வைத்திருந்தார். விரல் நீளப் பெட்டிகள், தீப்பெட்டியளவு ஸ்டேசன். அதன்மேல் வெளிச்சம் விழவேண்டும். விளக்கு கண்ணில் படக்கூடாது. அதற்காக மேலே ஒரு மறைப்புப் பலகை. அதைத் தாங்க, மேசையின் நான்கு மூலையிலும் தரையிலிருந்து இரும்புக் கால்கள்.

"ஏன் அண்ணை இவ்வளவு கரைச்சல்? கூரை வளையில கம்பி கட்டித் தொங்கவிடுவம்" என்றேன்.

"வேண்டாம் தம்பி. இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்க நாங்கள் முதல்ல கழட்டுறது கூரையைத்தானே."

குரலில் துக்கமும் இல்லை, பகிடியும் இல்லை. சண்டைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கூரைத் தகரங்களும் அப்படித்தான் உழவு இயந்திரத்தில் எங்களோடு வந்தவை. நான் அதை மறந்துபோயிருந்தேன்.

"இனி எங்க அண்ணை போகப்போறம்?"

"ஓம் தம்பி, போகமாட்டம்" என்றபடி இரும்புக் காலை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார்.

வேலை முடிந்து, அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போன நேரம், என்னிடமிருந்த அளவுநாடாவால் மேசையின் அகலத்தை அளந்தேன். பிறகு வாசலை அளந்தேன்.

மேசை வாசலைவிட இரண்டு அங்குலம் ஒடுக்கமாக இருந்தது.