போனை வை

தெருவில் அவளுக்கு அப்டேட் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு அலமாரிக்குள் பத்திரமாகக் கிடந்தது. புதிதாக எது விற்பனைக்கு வந்தாலும் முதலில் அவளுடைய பேக்கரியில் கால் வைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். தரை கூட்டும் ரோபோவை வாங்கி அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, வேலை பாதியில் இருக்கும்போதே சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். ஓவனைப் போனிலிருந்தே சூடேற்றலாம் என்று தெரிந்த அன்று, பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஏற்றுவதும் இறக்குவதுமாக விளையாடினாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர், ஒன்றுமே வைக்காத ஓவனுக்கு முன்னால் வியர்த்து வழிந்து நின்றார்.

இந்தப் பித்தால்தான் அவள் தன் அக்காவை இழந்தாள். பேக்கரியை இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். ஓவன் தங்கையின் பொறுப்பு. கிரீமும் பூவேலையும் அக்காவின் பொறுப்பு. போனில் குரல் செய்தி வந்த புதிதில் அப்டேட் எதையும் எழுதுவதே இல்லை, பேசியே தள்ளுவாள். அப்படி ஒரு நாள், "அக்கா இன்னைக்கு அடிச்ச கிரீமைச் செவுத்துக்குத்தாங்க அடிக்கலாம்" என்று கணவருக்கு அனுப்புவதாக நினைத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். சித்தியும் மாமாவும் மச்சினர்களும் விழுந்து விழுந்து சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. அக்கா முதலில் குழுவை விட்டு வெளியேறினாள். பிறகு ஏப்ரனைக் கழற்றிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டுக் கடையை விட்டும் வெளியேறினாள்.

அன்றோடு பேச்சு நின்றுபோனது. இருப்பது என்னவோ இரண்டு தெரு தள்ளித்தான். அப்டேட்டுக்கு ரோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். "மன்னிப்புக் கேக்கற வசதி மட்டும் இன்னும் எந்த போன்லயும் வரலையே" என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். ஆனால் அந்த ஏப்ரனை யாரும் எடுக்க விடமாட்டாள். அக்கா எப்படியாவது திரும்பி வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு குறையே இல்லை.

இந்த வருஷத்துப் புதுசு, நமக்குப் பதிலாகப் போனை எடுத்துப் பேசும் செயலி. நம் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுப் பழகிக்கொண்டு அச்சு அசலாக நம்மைப் போலவே பேசும். ஆர்டர் எடுக்கும், பழைய முகவரியைத் தேடிப் பிடிக்கும், டெலிவரி வண்டியையும் தானே வரவழைக்கும். மாவுக் கையோடு ஓடி ஓடிப் போன் எடுத்துக் களைத்திருந்த அப்டேட்டுக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் அந்தச் செயலியோடு வெகுநேரம் பேசிவிட்டு, "இன்னைக்குத்தான்மா நீ நான் சொல்றதைக் குறுக்கே பேசாம கேட்ட" என்று மனம் நெகிழ்ந்து ஆசீர்வாதம் பண்ணினார்.

ஆர்டர் உறுதியானதை எந்தச் சொல்லை வைத்துத் தெரிந்துகொள்வது என்று செயலி கேட்டது. "எங்க ஆளுங்க ஒரு கேக் வைங்க, எடுத்து வச்சிடுங்கன்னுதான் சொல்லுவாங்க. 'வை'ன்னு காதுல விழுந்தா ஆர்டர்னு எடுத்துக்கோ" என்று பாடம் எடுத்தாள் அப்டேட். தமிழ் பேசுகிற எவரும் "சரி, வச்சிடுறேன்" என்று சொல்லாமல் போனை வைப்பதில்லை என்பது, நாளெல்லாம் போனும் கையுமாகத் திரிகிற அவளுக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் கடை அமர்க்களப்பட்டது. சீட்டு அச்சிடும் இயந்திரம் மூச்சு விடாமல் துப்பிக்கொண்டே இருந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று அவள் துள்ளினாள். கணவரை மாவு சலிக்க வைத்தாள், முட்டை உடைக்க வைத்தாள், அவர் மூக்கில் ஒட்டிய மாவைத் துடைக்கக்கூட விடவில்லை. கிரீமை அவளே அடித்து, சீட்டில் இருந்ததையெல்லாம் கேக்கில் எழுதினாள். ஒரு சீட்டில் வெறும் போன் நம்பரும், "பண்ணதெல்லாம் போதும்" என்ற வரியும் இருந்தன.

"யாரோ ரிட்டயர் ஆகறாங்க போலிருக்கு. பாவம், என்ன பாடுபட்டாங்களோ" என்று உருகி, அதை ரோஸ் நிறத்தில் எழுதிச் சுற்றிலும் பூப்போட்டு அனுப்பினாள்.

மதியம் பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. "விலை கேட்டது ஒரு குத்தமா" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். கணவர் மேஜையில் உட்கார்ந்து, செயலி பதிந்து வைத்திருந்த பேச்சுகளை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாகப் போட்டார். காப்பீடு விற்கிற பையன், "வேண்டாம்னா பரவாயில்ல மேடம், வச்சிடுறேன்" என்று ஏமாற்றத்தோடு முடிக்க, "கண்டிப்பா சார், ஒரு கிலோ வச்சிடுறேன்" என்று அவள் குரல் கொஞ்சியது. "ஐயோ, ராங் நம்பர், வைங்க" என்ற அம்மாளுக்கு இரண்டு கிலோ. நஷ்டத்தை மறந்து இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த பதிவு ஓடியதும் அப்டேட் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"நான்தான்" என்றது அக்காவின் குரல்.

"நீங்களா? ரொம்ப சந்தோஷம். என்ன வேணும்?"

"ஒன்னும் வேணாம். சும்மாதான் கூப்பிட்டேன்."

"சாக்லேட்டா, வெண்ணிலாவா?"

"இத்தனை நாள் கழிச்சுக் கூப்பிடறேன், என்கிட்டயே வியாபாரமா? வை போனை."

"கண்டிப்பா வைக்கிறேன். கேக்ல என்ன எழுதணும்?"

"பண்ணதெல்லாம் போதும்."

கணவர் மெதுவாகக் கேட்டார். "அந்த ரிட்டயர்மென்ட் கேக்கு?"

"காலையிலேயே போயிடுச்சுங்க. பூ வேற போட்டேங்க."

இந்தக் காலத்தில் கூடப்பிறந்தவளின் நம்பர்கூட யாருக்கு மனப்பாடம்? அப்டேட் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினாள். வாசலில் கேக் பெட்டியோடு அக்கா நின்றாள். உள்ளே வந்து பெட்டியை மேஜையில் வைத்துத் திறந்தாள்.

"போன்ல ஏதோ கோவத்துல சொன்னேன்" என்றாள் அக்கா. "நீ அதை அப்படியே ஒத்துக்கிட்டு எழுதி அனுப்பியிருக்க. நான் பண்ணதெல்லாம் போதும்னு உன் வாயால வர எவ்ளோ நாள் ஆச்சு. போன்லயும் எவ்ளோ பொறுமையா பேசுன."

அந்த வரியில் யார் பண்ணியது என்று இல்லை. அக்கா தன் மனசு கேட்டபடி படித்துக்கொண்டாள். கணவர் வாயைத் திறக்கப் போக, அப்டேட் அவர் காலை ஒரு மிதி மிதித்தாள். ஊரே வியந்த செயலியைப் பற்றி முதன்முறையாக ஒரு வார்த்தை பேசாமல் அடக்கமாக நின்றாள்.

அப்போதுதானா அந்தப் போன் அடிக்க வேண்டும். மேஜை மேலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து அவள் குரலே, "வணக்கம், என்ன வேணும்?" என்று கேட்டது. அவள் வாயோ இறுக மூடியிருந்தது. அக்கா போனைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"அப்போ என்கிட்ட பேசுனது இதுவா?"

"ஆமாக்கா."

"எழுதுனது?"

"கை என்னோடது. உனக்குன்னு தெரியாது." அப்டேட்டின் கண் கலங்கிவிட்டது. "ஆனா தெரிஞ்சிருந்தா, இதே வரியை இன்னும் பெருசா எழுதியிருப்பேன். தப்பு என்னோடதுதான்க்கா. நீ இல்லாம கடை கடையாவே இல்ல."

அக்கா பெட்டிப் பக்கம் குனிந்தாள். கேக்கின் ஓரத்திலிருந்த ஒரு பூவை விரலால் வழித்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிச் சுவைத்தாள்.

"இதைச் செவுத்துக்குக்கூட அடிக்க முடியாதுடி" என்றாள்.

முதலில் சிரித்தது கணவர்தான். பிறகு தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் ஆணியிலிருந்த ஏப்ரனை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அவள் தங்கையின் குரல் இன்னும் யாரிடமோ கொஞ்சிக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டபடியே அக்கா அதைப் பார்த்து அதட்டினாள்.

"ஏய், போதும், போனை வை."

எதிர்முனையில் யார் இருந்தார்களோ, செயலி அக்காவின் குரலைத்தான் பிடித்துக்கொண்டது.

"கண்டிப்பா வைக்கிறேன். கேக்ல என்ன எழுதணும்?"

அக்கா கிரீம் பையைக் கையில் எடுத்தாள்.

"வந்துட்டேன்னு எழுதிக்கோ" என்றாள்.